கண்டல் காட்டைக் காக்கக் கம்பனிகள் வேண்டுமா, வேண்டாமா?

2023 ஜூலை 27

கண்டல், அதாவது களப்பு ஓரத்து உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள், பற்றி வத்தளை வாசகர் ஒருவர் நேற்று இரவு கேட்டிருந்தது இது: "இன்று உலகக் கண்டல் தினமாம். காலையிலிருந்து என் போனில் ஒரே மாதிரிப் படங்கள். ஒரே நிற டீ ஷேர்ட், முழங்கால் சேற்றில் முகாமையாளர்கள், கையில் ஆளுக்கொரு கன்று. காடு அரசாங்கத்தின் பொறுப்பு, அங்கே கம்பனிக்காரருக்கு என்ன வேலை? இவர்களை உள்ளே விடாமல் இருந்தாலே காடு பிழைத்துக்கொள்ளும். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்."

நான் அந்த டீ ஷேர்ட்டைப் போட்டவன். 2017இல், கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் கம்பனியிலிருந்து இரண்டு பஸ்ஸில் விடியப்புறம் நாலரைக்குக் கிளம்பி சிலாபத்துக்கு அந்தப் பக்கம் போனோம். களப்பு ஓரத்தில் கைவிட்டுப் போன இறால் பண்ணை ஒன்று, நாலு பக்கமும் மண் வரம்பு, உள்ளே வெடித்துக் கிடந்த தரை. கன்றுகளை வாங்கி அடுக்கி வைத்திருந்தார்கள். நட்டோம், பக்கத்தில் குச்சி ஊன்றிக் கட்டினோம், படம் எடுத்தோம், பதினொரு மணிக்குச் சோற்றுப் பார்சல், பின்னேரம் கொழும்பு. நான் கணக்குப் பிரிவில் இருப்பதால் அந்தப் பயணத்தின் பில்லெல்லாம் என் மேசைக்குத்தான் வந்தன. பஸ், டீ ஷேர்ட், சாப்பாடு, பதாகை, படம் பிடித்தவர் கூலி. இவையெல்லாம் சேர்த்தால் கன்றுக்கான செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நட்ட பிறகு பராமரிப்பதற்கு என்று ஒரு ரூபாயும் எழுதப்படவில்லை.

அம்மாவின் ஊர் உடப்பு. 2019இல் தீமிதிக்குப் போனபோது மாமாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். குச்சிகள் அப்படியே வரிசையாக நின்றன, கட்டிய சணல்கூட இருந்தது, கன்று ஒன்றுகூட இல்லை. நடுவே மாட்டுச் சாணி. திரும்பி வந்து மாமாவிடம் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. "மருமகன், கண்டலுக்குத் தண்ணி வரணும், வந்து போகணும். வரம்ப வெட்டாம உள்ள நட்டா வெயிலுக்குக் காயும், மழைக்கு அழுகும்." நாற்பது வருடம் களப்பில் வலை போட்ட மனிதர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நட்டிருக்கலாம்.

ஆகவே வத்தளை நண்பர் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். மறுபாதிக்கு, அதாவது அரசாங்கத்திடம் விட்டுவிட்டால் போதும் என்பதற்கு, பிறகு வருகிறேன்.

2023 ஜூலை 29

"உங்கள் ஒரு பண்ணையை வைத்து எல்லாவற்றையும் சொல்லலாமா" என்று கேட்டிருக்கிறார்கள். சரி, என் பண்ணையை விடுங்கள். ருகுணு பல்கலைக்கழகத்தின் சுனந்த கொடிகாரவும் சகாக்களும் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாட்டில் கண்டல் நட்ட 23 இடங்களுக்கு நேரில் போய் எண்ணிப் பார்த்த ஆய்வு. நட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். காடாக எழுந்தது ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடம் மூன்றே மூன்று. செலவான பணம் 13 மில்லியன் டொலரளவில்.

அந்தப் பணமெல்லாம் கம்பனிப் பணமல்ல என்பதையும் சொல்லவேண்டும். அரசு, வெளிநாட்டு உதவி, தொண்டு நிறுவனங்கள், எல்லோரும்தான் நட்டார்கள். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே பிழையைத்தான் செய்தார்கள்: பிழையான நிலம், பொருந்தாத மரம், நட்ட பின் திரும்பிப் பார்க்க ஆளில்லை, மாடு மேய்ந்தது.

2023 ஜூலை 29, இரவு

மேலே "பொருந்தாத மரம்" என்று எழுதியதைப் புத்தளத்து ஆசிரியை ஒருவர் விளக்கச் சொன்னார்.

கண்டல் என்றால் ஒரே மரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தச் சின்ன நாட்டில் உண்மையான கண்டல் இனங்கள் மட்டும் 20க்கு மேல் உண்டு. நாம் நட்டது முட்டு வேர் ஊன்றி நிற்கும் ரைசோபோரா. அதன் காய் மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும், பறித்துச் சேற்றில் குத்தினால் நட்டாயிற்று. இவ்வளவு சுலபம் என்பதால்தான் எல்லோரும் அதையே நடுகிறார்கள். ஆனால் அது தண்ணீர் ஓரத்து மரம். கொஞ்சம் மேடான, உப்பு ஏறிய நிலத்துக்கு அவிசீனியா, எங்கள் ஊரில் கண்ணா என்பது. அதற்கும் உள்ளே தில்லை. பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சின்ன வயதில் அம்மா மிரட்டிய அதே தில்லை. எந்த மரம் எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீரும் உப்பும்தான் தீர்மானிக்கின்றன. கொழும்பிலிருந்து போகும் பஸ்ஸுக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

2023 ஆகஸ்ட் 5

இப்போது அந்த மறுபாதி. "காடு அரசின் பொறுப்பு."

சட்டப்படி சரி. வன இலாகா 1887இலிருந்து இருக்கிறது. ஆனால் சிங்கராஜா மழைக்காட்டில் 1970களில் மரம் வெட்டியது யார்? ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரங்களை உள்ளே இறக்கியது அரசுதான். பொதுமக்களும் தாவரவியலாளர்களும் கொடுத்த நெருக்குதலால் அந்தப் பத்தாண்டின் கடைசியில் அது நின்றது. 1978இல் உயிர்க்கோளக் காப்பகம், 1988இல் உலக மரபுரிமை. இன்று அதைப் பெருமையாகக் காட்டுகிறோம்.

கிட்டத்தில் நடந்ததும் ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கைதான், வர்த்தமானியில் வராத "ஏனைய அரச காடுகளை" வன இலாகாவின் கையில் வைத்திருந்தது. 2020இல் அதை நீக்கி, அந்தக் காடுகள் பற்றிய முடிவை மாவட்ட, பிரதேச செயலகங்களிடம் கொடுத்தார்கள். ஒரு கடிதத்தில் காப்பு வரும், ஒரு கடிதத்தில் போகும் என்றால் அதை மட்டும் நம்பி எப்படி உட்கார்ந்திருப்பது?

அரசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலத்தின் எல்லையைப் போடவும், அத்துமீறியவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் வேறு யாராலும் முடியாது. அது தனியாகச் செய்யாது, செய்ததில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்.

2023 ஆகஸ்ட் 21

உடப்பிலிருந்து நேற்றுத்தான் திரும்பினேன். மாமாவோடு இரண்டு நாள் பேசக் கிடைத்தது, அதைக் கொஞ்சம் விரிவாக எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் சிலாபத்திலிருந்து புத்தளம் வரை இறால் பண்ணைகள் வந்தன. மாமாவுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். முதலில் வேலை கிடைத்தது என்று ஊரில் சந்தோஷப்பட்டார்களாம். கண்டலை வெட்டி வரம்பு போட்டால் ஒரு குளம். களப்புத் தண்ணீரை உள்ளே இறைத்து, அழுக்குத் தண்ணீரை அதே களப்பில், அதே ஒல்லாந்தர் கால்வாயில் திருப்பி விட்டார்கள். ஒருவன் வெளியே விட்ட தண்ணீரைத்தான் அடுத்தவன் உள்ளே இறைத்தான். அப்படியிருக்க நோய் வந்தால் எங்கே நிற்கும்? 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. ஒரே பருவத்தில் குளம் குளமாக இறால் செத்தது. முதல் போட்டவர்களில் பலர் இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், வரம்பு மட்டும் மிஞ்சியது.

வரம்பு மிஞ்சியதுதான் பெரிய கெடுதல் என்கிறார் மாமா. குளம் காலியானாலும் தண்ணீர் ஏறி இறங்க வழியில்லை. மழைத் தண்ணீர் தேங்கும், வெயிலில் வற்றும், உப்பு மட்டும் தங்கும். கண்டல் மண் காற்றுப் பட்டுக் காய்ந்தால் அமிலமாகிவிடும் என்று நான் படித்திருக்கிறேன். மாமாவுக்கு அந்தச் சொல் தெரியாது. "மண்ணு புளிச்சிரும்" என்றார். அதேதான்.

மீன்குஞ்சும் இறால் குஞ்சும் கண்டல் வேருக்குள்தான் வளரும், வேர் போனால் வலையில் விழுவது குறையும். இதைப் பாடமாக எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள், அவர் வாழ்ந்து பார்த்திருக்கிறார். கடல் பக்கத்தில் கரைவலை இழுப்பவர்களுக்கு இது உடனே தெரியவில்லை, களப்பில் இறங்கியவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்தில் தெரிந்துவிட்டது.

கடைசியில் நான் கேட்டேன்: "கம்பனிக்காரங்க வந்து திரும்ப நடட்டுமா, வேணாமா?" மாமா கொஞ்சம் யோசித்துச் சொன்னது: "கெடுத்ததும் காசுதான். வரம்ப வெட்ட மெசினுக்கும் காசு வேணும்தானே. வரட்டும். ஆனா எங்கள கேட்டுட்டு வரட்டும்."

2023 ஆகஸ்ட் 22

ஒரு திருத்தம். பண்ணைகளில் நட்டமடைந்தவர்கள் எல்லோரும் பெரிய முதலாளிகள் என்ற மாதிரி மேலே எழுதிவிட்டேன். அது சரியில்லை. நகையை அடகு வைத்து ஒரு குளம், இரண்டு குளம் வெட்டிய ஊர்க்காரர்களும் நிறையப் பேர். என் அம்மாவின் சித்தப்பா ஒருவரும் அதில் உண்டு.

2023 செப்டம்பர் 10

"எல்லோரும் சேர்ந்து செய்த நல்ல உதாரணம் ஒன்றாவது உண்டா" என்று கேட்ட தெஹிவளை நண்பருக்கு.

2015 மே மாதம் ஒரு பெரிய அறிவிப்பு வந்தது. கலிபோர்னியாவின் சீகொலஜி என்ற அமைப்பு, சிலாபத்தில் இருக்கும் சுதீச என்ற சிறு மீனவர் அமைப்பு, இலங்கை அரசு, மூன்றும் சேர்ந்து நாட்டின் கண்டல் காடு முழுவதையும் காக்கப் போகின்றன, அப்படிச் செய்யும் முதல் நாடு இலங்கை என்று. ஐந்து வருடம், 3.4 மில்லியன் டொலர், 8,815 ஹெக்டேயர். 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறு கடனும் என்பது திட்டம். பதிலுக்கு அவர்கள் தங்கள் ஊர்க் கண்டலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருடம், 2016 கண்டல் தினத்தில், சிலாபத்துக்கு அருகே பம்பலவில் கண்டல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், கட்டாயம் போங்கள்.

அதில் எனக்குப் பிடித்தது மரம் நடுவதை முன்னால் வைக்காமல் விறகு வெட்டப் போகிற பெண்ணிடமிருந்து தொடங்கியது. அவள் ஏன் வெட்டுகிறாள்? வேறு வருமானம் இல்லை. சரி, ஒரு தையல் இயந்திரத்துக்குக் கடன். இது நான் போட்ட டீ ஷேர்ட்டை விட எவ்வளவோ மேல்.

2023 செப்டம்பர் 12

8,815 ஹெக்டேயர்தான் நாட்டின் மொத்தக் கண்டல் என்ற அர்த்தத்தில் மேலே எழுதியதைப் பேராதனை மாணவர் ஒருவர் பிடித்துவிட்டார். அவர் சொல்வது சரி. 2012இல் வந்த ஒரு கணக்கெடுப்பு 15,670 ஹெக்டேயர் என்கிறது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கணக்குக்காரன் என்ற முறையில் இது எனக்கு உறுத்துகிறது. ஒரு காட்டைக் "முழுவதும்" காக்கிறோம் என்று கையெழுத்துப் போட முதல், முழுவது எவ்வளவு என்று இரண்டு தரப்பும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டிருக்க வேண்டாமா? எல்லைக் கல் இல்லாத நிலத்தில் யார் வேண்டுமானாலும் வரம்பு கட்டலாம்.

2023 செப்டம்பர் 12, பிறகு

சுனாமி பற்றியும் ஒருவர் எழுதியிருக்கிறார், கண்டல் இருந்த ஊர் தப்பியது, இல்லாத ஊர் அழிந்தது என்று. நானும் பல இடங்களில் இதைச் சொல்லியிருக்கிறேன். பிறகு வந்த ஆய்வாளர்கள் சிலர், ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மரத்தின் பங்கு அவ்வளவு தெளிவாக இல்லை என்றார்கள். அன்றாட அலையையும் புயல் காற்றையும் கண்டல் தணிக்கும், கரையைப் பிடித்து வைக்கும், அதில் சண்டை இல்லை. சுனாமியை நிறுத்தும் என்று இனி நான் சொல்லமாட்டேன். காப்பதற்கு உண்மையான காரணங்களே போதுமான அளவு இருக்கின்றன.

2023 நவம்பர் 19

இரண்டு மாதமாக எழுதவில்லை. போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஆனைவிழுந்தான். பெயர்ப்பலகையில் ஆனவிலுந்தாவ, எங்கள் பக்கத்தில் ஆனைவிழுந்தான். சிலாபத்துக்கும் உடப்புக்கும் நடுவே, பழைய குளத் தொடர் ஒன்றும் களப்பு ஓரமும் சேர்ந்த சரணாலயம், 2001இலிருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது உலக ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இடம். இத்தனை காப்பு இருந்தும் 2020 ஆகஸ்டில் இறால் பண்ணைக்காக மண்வெட்டி இயந்திரத்தை இறக்கிக் கண்டலை வழித்துப் போட்டது நினைவிருக்கும். நாடு முழுக்கச் சத்தம் எழுந்தது. அந்தப் படத்தைப் பார்த்து மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று மாமி சொன்னார்.

அதே சரணாலயத்தில், கைவிட்ட பண்ணைகளைத் திரும்பக் கண்டலாக்கும் வேலை நடக்கிறது. நிலம் வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில். அறிவு வயம்ப பல்கலைக்கழகத்திலிருந்து, இந்தத் துறையில் பெயர் பெற்ற பேராசிரியர் செவ்வந்தி ஜயகொடி அங்கேதான் இருக்கிறார். பணம் கம்பனிகளிடமிருந்து, பயோடைவர்சிட்டி ஸ்ரீ லங்கா என்ற மேடை வழியாக. 2012இல் இலங்கை வர்த்தக சம்மேளனம், ஐயூசிஎன் என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், தேயிலைக் கம்பனி டில்மாவின் டில்மா கன்சர்வேஷன் மூன்றும் சேர்ந்து தொடங்கியது அந்த மேடை, கம்பனிகளே நடத்துவது.

நான் எதிர்பார்த்துப் போனது இன்னொரு கன்று வரிசையை. அங்கே முதல் கவனம் தண்ணீர் மேல். நீரோட்டத்தைத் திறந்துவிட்டால், களப்பில் மிதந்து வரும் விதை தனக்குப் பொருந்திய இடத்தில் தானே ஊன்றும் என்பதுதான் முறை. திட்டத்தின் பெயரே இயற்கை மீளுருவாக்கத்தை விரைவுபடுத்துதல். வாய்க்கால் ஓரம் குந்தியிருந்து பார்த்தேன். கண்ணா நாற்று விரல் உயரத்தில் ஒன்று, இரண்டு, ஐந்து, பிறகு எண்ண முடியாத அளவு. யாரும் நடாதது. பக்கத்தில் குச்சியும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. நான் அழுதுவிட்டேன் என்று சொன்னால் சிலர் நம்பமாட்டீர்கள், ஆனால் 2019இல் அந்தக் குச்சிகளுக்கு நடுவே நின்றவனுக்கு அது புரியும்.

மாமா 2019இல் சொன்னதும் பல்கலைக்கழகம் செய்வதும் ஒன்றுதான். வரம்பை வெட்டு, தண்ணீரை விடு. அதற்குக் கம்பனிப் பணம் உதவுகிறது. ஜூலையில் "பாதி சம்மதம்" என்று எழுதினேன் அல்லவா, அந்தப் பாதியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

2024 பெப்ரவரி 15

செய்தி பார்த்திருப்பீர்கள். ஐக்கிய நாடுகள் இலங்கையின் கண்டல் மீட்பை உலகின் முன்மாதிரி மீட்புத் திட்டங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது. சுனாமிக்குப் பிந்திய பிழைகளிலிருந்து கற்றுக்கொண்டு அறிவியல் வழியில் செய்தது என்பது காரணம். 500 ஹெக்டேயர் மீண்டிருக்கிறது என்கிறார்கள். சந்தோஷம். 1,000க்கு மேல் நட்டு 200 சொச்சம் பிழைத்த கணக்கை மேலே போட்டேனே, அதைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

2024 மார்ச் 3

"கடற்கரையை விட்டு மேலே வாருங்கள், மழைக்காடு என்ன ஆயிற்று" என்று இரத்தினபுரியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

மழைக்காட்டில் நான் அறிந்தது ஒன்றே ஒன்று, காலி மாவட்டத்தின் கன்னெலிய. அதன் விளிம்பில் ஒபாத பகுதியில் 10 ஹெக்டேயர், காடு போன இடத்தில் கெக்கில்ல என்ற பன்னம் மண்டிக் கிடந்தது. அது ஒரு பாய் மாதிரி தரையை மூடிவிடும், மேலே விழும் விதை மண்ணைத் தொடாது. காடு பக்கத்திலேயே இருந்தாலும் தானாகத் திரும்பி வராது. அங்கேயும் வன இலாகா, ஐயூசிஎன், பயோடைவர்சிட்டி ஸ்ரீ லங்கா கம்பனிகள் சேர்ந்து கெக்கில்லவை எடுத்து உள்ளூர் மரங்களை வைத்திருக்கிறார்கள். செய்த வேலையை அளந்து, பணம் போட்ட கம்பனிக்குப் பல்லுயிர்ப் புள்ளியாகக் கணக்கில் வைக்கும் முறை ஒன்றையும் அதில் உருவாக்கப் பார்த்தார்கள்.

கவனியுங்கள், கண்டலில் நடாதே, வழியை விடு. கெக்கில்லக் காட்டில் விட்டு வைத்தால் வராது, கை வைக்கவேண்டும். சிங்கராஜா விளிம்பில் முன்பு நட்ட பைன் மரங்களின் நிழலையே தாதியாக வைத்து அதன் கீழ் மழைக்காட்டு மரங்களை வளர்த்துக் காட்டினார்கள் பேராசிரியர்கள் நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியும் சகாக்களும். ஒவ்வொரு காட்டுக்கும் ஒவ்வொரு வைத்தியம். அதனால்தான் பணமும் நிலமும் சேர்ந்தால் மட்டும் போதாது, காட்டைப் படித்தவர் ஒருவர் மேசையில் இருக்கவேண்டும்.

2024 மார்ச் 4

புள்ளிக் கணக்கு என்றதும் மூன்று பேர் கோபப்பட்டிருக்கிறீர்கள். "இங்கே அழித்துவிட்டு அங்கே புள்ளி வாங்கிக்கொள்வார்கள்." அந்தப் பயம் எனக்கும் உண்டு. கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலச் சதுப்பில் மண் கொட்டிவிட்டு வேறொரு மாவட்டத்தில் கன்று வைத்தேன் என்றால் அது கொடுக்கல் வாங்கல் ஆகாது. கொழும்பின் வெள்ளத்தைத் தாங்குவது கொழும்பைச் சுற்றிய ஈரநிலம். 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் வாங்கியது இந்த நகரம்தான். வெள்ளம் வெல்லம்பிட்டிக்குள் வந்தால் காலியின் புள்ளி வந்து இறைக்காது. அழிக்காமல் இருப்பது முதல் நிபந்தனை, புள்ளி அதற்குப் பிறகு. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

2024 ஜூன் 22

எங்கள் கம்பனியில் இந்த வருடமும் கண்டல் தினத்துக்குப் பஸ் ஏற்பாடு செய்யச் சொல்லிக் கோப்பு வந்தது. நான் 2017 பில்களை எடுத்து, 2019இல் எடுத்த குச்சிப் படத்தையும் சேர்த்து, ஒரு பக்கத்தில் எழுதி மேலே அனுப்பினேன். நான் கேட்டது: டீ ஷேர்ட் வேண்டாம், பஸ் வேண்டாம். அதே தொகையை வரம்பு வெட்டும் இயந்திரத்துக்கும், ஐந்து வருடத்துக்கு ஊர்க்காரர் இருவரின் சம்பளத்துக்கும், வருடம் இரண்டு முறை வந்து அளக்கும் பல்கலைக்கழக மாணவர்களின் பயணச் செலவுக்கும் பிரிப்போம்.

பணிப்பாளர் ஒருவர் கேட்ட கேள்வி: "படத்துக்கு என்ன காட்டுவது?" கிண்டலாகக் கேட்கவில்லை, பங்குதாரருக்கு அவர் கணக்குச் சொல்லவேண்டும், நியாயமான கேள்வி. ஒரே இடத்தை ஐந்து வருடம் ஒரே மூலையில் நின்று எடுத்த பத்துப் படங்களைக் காட்டலாம் என்றேன். ஒத்துக்கொண்டார்.

2024 ஜூன் 23

பணம் கிடைத்துவிட்டது என்றதும் வாழ்த்துகிறீர்கள், நன்றி. கஷ்டமான பகுதி இனித்தான். கண்டல் நிலம் என்றால் வன இலாகாவாக இருக்கலாம், வனசீவராசிகளாக இருக்கலாம், கரையோரம் பேணலாக இருக்கலாம், பிரதேச செயலகத்தின் குத்தகைக் காணியாக இருக்கலாம். நாங்கள் 2017இல் நட்ட அந்தப் பண்ணை யாருடையது என்று 2017இல் யாரும் கேட்கவே இல்லை. இப்போது கேட்டால் ஓர் அலுவலகம் அடுத்ததைக் காட்டுகிறது, அடுத்தது திரும்ப முதலாவதைக் காட்டுகிறது. நான்கு கடிதம் எழுதியாயிற்று. ஓர் இளம் உத்தியோகத்தர் மட்டும் தானே வரைபடத்தை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்து, வெயிலில் இரண்டு மணித்தியாலம் வரம்பு மேல் நடந்தார். அப்படி ஒருவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2020இல் கண்டலுக்கென்று தேசியக் கொள்கை ஒன்று வந்தது, பிறகு மீட்பு வேலைக்கு வழிகாட்டியும் வந்தது. கடிதத்தில் அவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள், பதில் சீக்கிரம் வருகிறது. இது அனுபவத்தில் சொல்வது.

2024 ஆகஸ்ட் 25

தீமிதிக்குப் போனபோது களப்போரத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். உத்தியோகத்தர் வந்தார், வயம்பவில் படிக்கும் இரண்டு பேர் வந்தார்கள், எங்கள் பக்கத்தில் நானும் அந்தப் பணிப்பாளரும். ஊர்ப் பக்கத்தில் பதினேழு பேர், தமிழ், சிங்களம் இரண்டும் பேசுபவர்கள். வரம்பை எங்கே வெட்டுவது என்று வரைபடத்தில் மூன்று இடம் குறித்துக்கொண்டு போயிருந்தோம். மாமா பார்த்துவிட்டு இரண்டாவது இடம் பிழை, அங்கே வெட்டினால் மழைக்காலத்தில் பக்கத்துத் தென்னந்தோட்டத்துக்குள் உப்புத் தண்ணீர் போகும் என்றார். தோட்டக்காரரும் அங்கேதான் நின்றார், முகம் மாறியது. மாணவர்கள் மட்டம் பிடித்துப் பார்த்தார்கள். மாமா சொன்னது சரி. அந்த இடத்தை விட்டு வடக்கே தள்ளினோம்.

அங்கே மட்டும் வெட்டியிருந்தால் ஒரு மாதத்தில் தென்னை கருகும், ஊர் எதிர்க்கும், திட்டம் நின்றுபோகும், "ஊர்க்காரர் ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கை எழுதப்படும்.

2024 ஆகஸ்ட் 26

வத்தளை நண்பர் ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்ப வந்து கேட்டிருக்கிறார்: "ஐந்து வருடம் கழித்துக் கம்பனி போய்விட்டால்?" இதைவிட நல்ல கேள்வி இந்தப் பக்கத்தில் வரவில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறோம். ஐந்தாம் வருட முடிவில் நிலம் திணைக்களத்தின் பாதுகாப்புப் பட்டியலுக்குள் போகவேண்டும், நண்டு பிடிக்கவும் வலை போடவும் ஊருக்கு இருக்கும் வழமை அதில் எழுத்தில் இருக்கவேண்டும். இரண்டாவது வரிக்கு இன்னும் பதில் வரவில்லை. வராமல் கையெழுத்துப் போடவேண்டாம் என்று எங்கள் பக்கத்தில் முடிவு.

2024 அக்டோபர் 9

பதில் வந்தது. எழுத்தில்.

2025 ஜனவரி 18

அக்டோபர் கடைசியில் மூன்று இடத்திலும் வரம்பு வெட்டினோம். முதல் நாள் தண்ணீர் உள்ளே வந்தபோது கறுப்பாக, நாற்றத்தோடு வந்தது, எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாவது வாரம் தெளிந்தது. நவம்பர் மழையில் வடக்கு வெட்டு இடிந்து அகலமாகிவிட்டது, அதை மூங்கில் தட்டி போட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்தச் செலவு யாருடைய கணக்கிலும் இருக்கவில்லை. அடுத்தவர் யாராவது செய்வதானால் முதல் மழைக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

நேற்று அளந்தார்கள். கோடு போட்ட சதுரங்களில் கண்ணா நாற்று 61, ரைசோபோரா 4, தில்லை இல்லை. தெற்கு மூலையில் உப்பு இன்னும் அதிகம், அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. மாட்டைத் தடுக்கப் போட்ட கம்பியை யாரோ ஒரு பக்கம் அறுத்திருக்கிறார்கள், யார் என்று மாமா விசாரிக்கிறார்.

2017 குச்சிகளில் சில இன்னும் நின்றன. பிடுங்கிக் கரையில் அடுக்கினோம். அடுத்த அளவீடு ஜூலையில், எண்ணிக்கையோடு எழுதுகிறேன்.